கணக்கும் வழக்கும்

‘கணக்கு வழக்கு’ என்று இரு சொற்களையும் இணைத்தே வழங்குவது நம்மவர் மரபு. கணக்கில் பிழை நேர்ந்தால் வழக்குத் தோன்றுகிறது. தோன்றிய வழக்கைத் தீர்ப்பதற்கும் மறுபடி கணக்கையே நாட வேண்டியிருக்கிறது. ஆகவேதான் பழைய வியாபாரிகள் நாள்தோறும் விளக்கு வைத்த பிறகு பேரேட்டைப் பிரித்துப் பற்றையும் வரவையும் சரிபார்த்தார்கள். அந்தப் பழக்கம் இன்றைய கடன் அட்டைக் காலத்தில் முன்னைவிட அதிகமாக வேண்டப்படுகிறது. கடன் அட்டைக் கணக்கில் பிணக்கு ஏற்பட்டால் அதனை எவ்வாறு தீர்த்துக்கொள்வது என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

மாணவர்களாகிய உங்களுக்கு இதில் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நாளை வேலையில் சேர்ந்து முதற் சம்பளம் வாங்கும்போது, கேட்டும் கேளாமலும் உங்கள் கைக்கு வந்து சேரும் பொருள்களுள் முதன்மையானது கடன் அட்டைதான். வீட்டில் தந்தைக்கோ அண்ணனுக்கோ வரும் பட்டியலைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் படித்த பிள்ளைகளாகிய உங்களையே சேர்கிறது. காவிரியின் வடகரையில் உள்ள எங்கள் தொட்டியம் போன்ற ஊர்களில், வாழைத்தார் விற்ற பணம்கூட இன்று கைப்பேசி வழியாகவே கைமாறுகிறது. ஆதலால் இஃது எல்லோர்க்கும் உரிய செய்தியே.

முதலில் கடன் அட்டை என்பது யாது என்று தெளிவோம். 1950-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ‘டைனர்ஸ் கிளப்’ என்ற நிறுவனம், உணவு விடுதிகளில் ரொக்கமின்றி உண்டு பின்னர்ப் பணம் செலுத்துவதற்கு ஓர் அட்டையை வழங்கியது. 1958-இல் பாங்க் ஆப் அமெரிக்கா, கலிபோர்னியா மாநிலத்துப் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. நம் நாட்டில் 1980-ஆம் ஆண்டில் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா கடன் அட்டையை அறிமுகப்படுத்தியது. வாங்கும் பொருளுக்கு இன்று பாங்கு பணம் கொடுத்துவிடும், குறித்த நாளில் நாம் பாங்குக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதே இதன் சாரம். மளிகைக் கடையில் சிட்டைப் புத்தகத்தில் எழுதிவிட்டுச் சாமான் வாங்கி, மாதம் பிறந்ததும் தீர்ப்பதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேற்றுமை இல்லை.

ஆயினும் நடைமுறையில் பெரியதொரு வேற்றுமை உண்டு. சிட்டையில் எழுதுபவரும் பற்று வைப்பவரும் நேருக்கு நேர் நிற்பவர்கள். கடன் அட்டையிலோ ஐவர் சேர்கின்றனர். பொருள் வாங்குபவர் ஒருவர். விற்கும் கடைக்காரர் ஒருவர். கடைக்காரரின் கணக்கை வைத்திருக்கும் பாங்கு ஒன்று. நமக்கு அட்டை கொடுத்த பாங்கு ஒன்று. இவ்விரு பாங்குகளுக்கும் இடையே செய்தியையும் பணத்தையும் கொண்டு செல்லும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அமைப்பு ஒன்று. கடையில் அட்டையை இயந்திரத்தில் செருகிய சில விநாடிகளுக்குள் செய்தி இந்த ஐவரிடையே போய்த் திரும்புகிறது. வழியில் எங்கேனும் இணைப்பு அறுந்தால், ஒருவர் ஏட்டில் பற்று விழுந்து மற்றவர் ஏட்டில் வரவு விழாமற் போகலாம். பிணக்குகளிற் பல தீய எண்ணத்தால் விளைவன அல்ல; இத்தகைய அறுந்த செய்தியால் விளைபவையே.

அடுத்து வட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். குறித்த நாளுக்குள் பட்டியல் தொகை முழுவதையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. ஒரு பகுதியை நிறுத்திவைத்தால் வட்டியில்லாச் சலுகை விலகிவிடுகிறது. பின்னர் வாங்கும் பொருள்களுக்கும் வாங்கிய நாள்முதலே வட்டி ஓடத் தொடங்குகிறது. வட்டியோ சிறிதன்று. மாதம் நூற்றுக்கு மூன்றரை என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய்க்கு மாதம் 350 ரூபாய். ஆண்டுக்கு நூற்றுக்கு 42. இதன்மேல் தாமதக் கட்டணமும், இவ்விரண்டின்மீதும் சரக்கு சேவை வரியும் சேரும். பட்டியலில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று அச்சிட்டிருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் தவிரும், வட்டி தவிராது. இதனை அறியாதோர் கடனில் அமிழ்ந்து போகின்றனர்.

வட்டி விகிதத்தைப் பற்றியே ஒரு பெரிய வழக்கு நம் நாட்டில் நடந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு 30-க்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ஆம் ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. பாங்குகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆகவே, வட்டி அதிகம் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி வெற்றி பெறுவது எளிதன்று. வட்டி ஓடாமல் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

இனி, நான் அருகிருந்து பார்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். தொட்டியத்தில் வாழை பயிரிடும் நண்பர் ஒருவர், பிப்ரவரி மாதத்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று 18,500 ரூபாய்க்கு ஒரு பம்பு மோட்டார் வாங்கினார். கடையில் அட்டையை முதல் முறை செருகியபோது இயந்திரம் ரசீது தரவில்லை. மறுமுறை செருகியதும் ரசீது வந்தது. மாதக் கடைசியில் வந்த பட்டியலிலோ 18,500 ரூபாய் இரண்டு முறை பற்று எழுதப்பட்டிருந்தது. அதனோடு அவர் வேறு சில பொருள்கள் வாங்கிய 2,300 ரூபாயும் சேர்ந்து, மொத்தம் 39,300 ரூபாய் என்று கண்டிருந்தது. நண்பர் பலமுறை தொலைபேசியில் முறையிட்டார். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசினார். சினம் கொண்ட நண்பர், வழக்குத் தீரும்வரை ஒரு காசும் கட்டுவதில்லை என்று இருந்துவிட்டார்.

இரண்டாம் பட்டியல் வந்தது. வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறியிருந்தன. அப்பொழுதும் அவர் அசையவில்லை. மே மாதத் தொடக்கத்தில், பொறியியற் கல்லூரியில் சேரவிருந்த தம் மகளுக்காகக் கல்விக் கடன் கேட்டு வேறொரு பாங்கிற்குச் சென்றார். அங்கே அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, “ஐயா, உங்கள் பெயரில் அட்டைக் கடன் பாக்கி இருப்பதாகக் காட்டுகிறது. அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டார். அன்று மாலை நண்பர் பட்டியல்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“வாங்காத மோட்டாருக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும், சொல்லுங்கள் ஐயா!” என்றார்.

“வாங்காததற்குக் கட்ட வேண்டாம். வாங்கியதற்குக் கட்ட வேண்டுமல்லவா?” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது நியாயந்தான்” என்றார்.

பிணக்கைத் தீர்ப்பதற்குரிய முதற் படி இதுதான். பட்டியலை இரு கூறாகப் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். நாம் ஒப்புக்கொள்ளும் தொகை ஒன்று, மறுக்கும் தொகை மற்றொன்று. நண்பரின் கணக்கில் 20,800 ரூபாய் ஒப்புக்கொண்டது. 18,500 ரூபாய் மறுப்புக்குரியது. ஒப்புக்கொண்டதை உரிய நாளில் கட்டிவிட்டால், நம் பக்கம் நாணயம் நிற்கிறது. நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் இருப்பது இங்கே எவ்வளவு பொருத்தமாக அமைகிறது, பாருங்கள்! நண்பர் மறுநாளே 20,800 ரூபாயையும், அதற்கு உரிய வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் செலுத்தினார். அந்தத் தாமதம் அவருடையதே ஆகையால், அதற்கு அவர் வருந்தினாரேயன்றி வழக்காடவில்லை.

இரண்டாம் படி, எழுத்தில் முறையிடுதல். தொலைபேசிப் பேச்சுக் காற்றோடு போவது; எழுத்தே நின்று பேசும். தொலைபேசியில்தான் பேச வேண்டியிருந்தாலும், முறையீட்டு எண்ணைக் கேட்டு, நாளையும் நேரத்தையும் அதனோடு குறித்துக்கொள்ளுதல் வேண்டும். நாங்கள் எழுதிய கடிதம் ஒரு பக்கத்திற்கு மேற்போகவில்லை. அட்டையின் கடைசி நான்கு எண்கள், பற்று விழுந்த நாள், தொகை, கடையின் பெயர், நடந்தது இன்னது, வேண்டுவது இன்னது என்பவை மட்டுமே அதில் இருந்தன. வசைமொழி ஒன்றும் இல்லை. அட்டையின் முழு எண்ணையோ இரகசிய எண்ணையோ கடிதத்தில் எழுதலாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி, சான்று. நண்பரிடம் ஒரேயொரு ரசீது இருந்தது. ஆனால், ‘இரண்டாவது மோட்டார் வாங்கவில்லை’ என்பதற்கு அது மட்டும் போதாது. இல்லாத ஒன்றை மெய்ப்பிப்பது எப்போதும் கடினம். ஆகவே திருச்சிராப்பள்ளிக் கடைக்காரரை அணுகினோம். அவர் தம் இயந்திரத்தின் அன்றைய கணக்கை எடுத்துப் பார்த்து, இந்த அட்டையிலிருந்து தமக்கு ஒரு முறைதான் 18,500 ரூபாய் வரவு வந்தது என்று தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். பற்று இரண்டு, வரவு ஒன்று! இதைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்? கடைக்காரரையும் எதிரியாகக் கருதிச் சண்டையிட்டிருந்தால் இந்தச் சான்று கிடைத்திருக்காது.

நான்காம் படி, விதியை எடுத்துக்காட்டுதல். இந்திய ரிசர்வ் பாங்கு 2019 செப்டம்பர் 20-ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை, கடையில் பற்று விழுந்தும் ரசீது வராமற் போன அட்டைப் பரிவர்த்தனையை, ஐந்து நாள்களுக்குள் பாங்கு தானாகவே திருப்பி வரவு வைத்தல் வேண்டும் என்கிறது. தவறினால், பின்னர்ச் செல்லும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு கொடுத்தல் வேண்டும். கடன் அட்டைகளுக்கென்று 2022-இல் அதே ரிசர்வ் பாங்கு வகுத்த விதிகளோ, பட்டியலைப் பற்றி ஒருவர் முறையிட்டால், 30 நாள்களுக்குள் விளக்கமும் வேண்டிய ஆவணமும் தர வேண்டுமென்றன. மோசடி என்று முறையிடப்பட்ட தொகையின்மீது, வழக்குத் தீரும்வரை கட்டணம் ஏற்றலாகாது என்றும், பிணக்கு நிலுவையில் உள்ள கணக்கைப் பற்றிக் ‘கடன் தவறியவர்’ என்று அது தீரும் முன்னர் அறிவிக்கலாகாது என்றும் அவை கூறின. நண்பரின் முறையீடுகள் எழுத்தில் இல்லாமையால், பிணக்கு இருந்ததற்கே அடையாளம் இல்லாமற் போயிருந்தது. அவர் பெயர் கெட்டதற்கு அதுவே காரணம்.

அமெரிக்க நாட்டில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பட்டியல் வந்த 60 நாள்களுக்குள் எழுத்தில் முறையிட்டால், மறுக்கும் தொகையை மட்டும் விசாரணை முடியும்வரை கட்டாமல் நிறுத்திவைக்கும் உரிமையை அளிக்கிறது. அங்கேயும் எழுத்தே உரிமைக்கு வாயில் என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில், ‘விசாரணை முடியும்வரை இத்தொகையைத் தற்காலிகமாக வரவு வையுங்கள்’ என்று கடிதத்திலேயே கேட்டுக்கொள்வது நன்று. பாங்கு இணங்காவிட்டால், கையில் பணம் உள்ளவர், ‘மறுப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிவிட்டுக் கட்டி, பின்னர்த் திரும்பப் பெறுவது வட்டிக்கு அஞ்சாத வழியாகும்.

நண்பரின் கதை எவ்வாறு முடிந்தது? கடிதம் போன 12-ஆம் நாள், அதாவது மோட்டார் வாங்கிய 95-ஆம் நாள், 18,500 ரூபாய் திரும்ப வரவு வைக்கப்பட்டது. ஆனால் அத்தொகையின்மீது ஏறியிருந்த வட்டியும் கட்டணமும் அப்படியே நின்றன. ஈட்டுத் தொகையைப் பற்றிப் பேச்சே இல்லை. அசல் வந்துவிட்டதே என்று பலர் இவ்விடத்தில் ஓய்ந்துவிடுவர். நாங்கள் ஓயவில்லை. அந்நிறுவனத்தின் மேலதிகாரிக்கு இரண்டாம் கடிதம் எழுதினோம். முதற் கடிதம் சேர்ந்து 30 நாள்கள் கழிந்தும் நிறைவான விடை வராமையால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம்.

இந்தக் குறைதீர்ப்பாளர் முறையை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் வேண்டும். முன்னர்ப் பாங்குகளுக்கு ஒன்றும், பிற நிதி நிறுவனங்களுக்கு ஒன்றும், மின்னணுப் பணமாற்றத்திற்கு ஒன்றுமாகத் தனித்தனியே இருந்த திட்டங்கள், 2021 நவம்பர் 12-ஆம் நாள் ஒன்றாக இணைக்கப்பட்டன. நாட்டின் எம்மூலையிலிருந்தும் ரிசர்வ் பாங்கின் இணையதளத்திலோ, சண்டிகரில் உள்ள மையத்துக்கு அஞ்சலிலோ முறையீடு அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. ஆனால் முதலில் நிறுவனத்தினிடமே எழுத்தில் முறையிட்டு, அது மறுத்திருக்க வேண்டும், அல்லது 30 நாள்கள் கழிந்திருக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் மனு நிராகரிக்கப்படும். அங்கும் நிறைவு இல்லையெனில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரும் உரிமையை அச்சட்டம் அளித்திருக்கிறது. தொட்டியத்தார் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றால் போதும், பம்பாய்க்கும் டில்லிக்கும் அலைய வேண்டுவதில்லை.

குறைதீர்ப்பாளரிடமிருந்து கேள்வி போனதும், அட்டை நிறுவனம் மறுக்கப்பட்ட தொகையின் வட்டியையும் கட்டணத்தையும் நீக்கியது. 95 நாள்களில் முதல் ஐந்தைக் கழித்து 90 நாள்களுக்கு 9,000 ரூபாய் ஈடும் கொடுத்தது. எனினும் அவர் பெயரில் விழுந்த கறை உடனே அகலவில்லை. நம் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் சிபில் போன்ற நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் இருக்கின்றன. 300 முதல் 900 வரை அவை நமக்கு மதிப்பெண் இடுகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை நமக்கு உண்டு. பிழையைத் திருத்தக் கோரி 30 நாள்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டுமென்று ரிசர்வ் பாங்கு 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அந்த வழியே சென்று அறிக்கையைத் திருத்திக்கொண்டோம். கல்விக் கடனும் கிடைத்தது. ஆனால் கல்லூரி திறந்து ஒரு மாதம் சென்ற பின்னரே கிடைத்தது. முதற் கட்டணத்திற்காக அந்தப் பெண்ணின் தாயார் தம் வளையல்களை அடகு வைக்க நேர்ந்தது. அந்த வட்டியை எந்த விதியும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிணக்கில் மற்றொரு வகையும் உண்டு. நாம் செய்யாத செலவு, நாம் போகாத ஊரில், நம் அட்டையில் விழுந்திருக்கும், இது திருட்டு. இங்கே நாளெண்ணிக்கையே உயிர். ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-ஆம் நாள் வகுத்த விதிப்படி, பாங்கின்மீதும் வாடிக்கையாளர்மீதும் தவறின்றி வேறெங்கோ நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்றிருந்தது. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் அறிவித்தால், ஐந்து இலட்சம் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு, இழப்பின் அளவு அதிகமாயினும் 10,000 ரூபாய்க்கு மேல் அவர் ஏற்க வேண்டுவதில்லை என்றும் அது கூறியது. ஆனால் இரகசிய எண்ணையோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ பிறர்க்குச் சொல்லியிருந்தால், அறிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு முழுதும் அவரையே சாரும் என்றது அவ்விதி. ஆகவே திருட்டென்று கண்டவுடன் அட்டையை முடக்கச் செய்து, 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கும் தெரிவித்துவிட வேண்டும்; கடிதம் எழுதுவதெல்லாம் அதன் பின்னர்.

கேளாமல் வரும் அட்டையைப் பற்றியும் ஒரு சொல். 1958-இல் பிரெஸ்னோவில் நடந்தது இங்கே நடவாதிருக்க, 2022-ஆம் ஆண்டு விதிகள் ஏற்பாடு செய்தன. நம் சம்மதமின்றி அட்டை அனுப்பிக் கட்டணமும் வசூலித்தால், அக்கட்டணத்தை நீக்குவதோடு அதனைப் போல் இரு மடங்கு தண்டமும் நமக்குத் தர வேண்டும் என்பது விதி. பாக்கியில்லாத அட்டையை மூடுமாறு எழுதினால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய். ஆயினும் இவை தாமாக நம்மைத் தேடி வருவதில்லை. கேட்பவருக்கே கிடைக்கும், எழுத்தில் கேட்பவருக்கு விரைவில் கிடைக்கும்.

மாணவர்களே! பெரிய நிறுவனத்தோடு ஒரு தனி மனிதன் வழக்காடி வெல்ல முடியுமா என்று பலர் மலைக்கின்றனர். குரலை உயர்த்துவதில் நிறுவனத்தை நாம் வெல்ல இயலாது. அதற்குக் குரல்கள் பல. பணத்தை நிறுத்திவைப்பதிலும் வெல்ல இயலாது. அதன் கையில் வட்டி இருக்கிறது. நாள், தொகை, சான்று, விதி ஆகிய நான்கையும் வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதுபவனுக்கு அது விடை சொல்லியே ஆக வேண்டும். இந்த நான்கையும் வரிசைப்படுத்துவதற்குப் பள்ளியில் நீங்கள் கற்ற கூட்டலும் கழித்தலும், பிழையின்றிக் கடிதம் எழுதும் பயிற்சியுமே போதும். இம்மாதப் பட்டியல் உங்கள் வீட்டிற்கு வரும்போது, பெரியவர்களோடு உட்கார்ந்து அதனை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.